குதிரைக்குத் தண்ணீர் கேட்டவர்கள்

பிள்ளைப்பாக்கம்,
18-1-1981

அன்புள்ள சரோஜாவுக்கு,

காந்திமதி எழுதுவது. பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. மாமாவுக்கு இருமல் விட்டுப்போய்விட்டது; பனியில் ஏரிக்கரைக்குப் போகாதீர்கள் என்றால்தான் கேட்பதில்லை. பிலாய்க் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? போர்வை போதுமா?

ஒரு சேதி. நான் வேலைக்குப் போகிறேன். ஒரகடம் சாலையில் மின்சார ஸ்விட்ச் செய்கிற கம்பெனி வந்திருக்கிறதல்லவா, அங்கே அசெம்ப்ளி லைனில். உன் அண்ணனை மஞ்சள் காமாலை கொண்டுபோன நாளிலிருந்து இந்த நாலு வருஷமாக வீடு, மாடு, வீடு என்றே இருந்துவிட்டேன். மாமாதான், "வூட்ல குந்திகினு செவுத்தையா பாத்துகினு இருப்ப? போய்ட்டு வாம்மா" என்றார்.

அங்கே எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகையில் வரும் அந்தப் பல்லவர் காலத் தொடரைப் பெண்களுக்குப் படித்துக்காட்டுகிறேன். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தளபதி மாறவேள் கோட்டை மதிலிலிருந்து குதித்த அன்று யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. சூப்பர்வைசர் கூட மணி அடிக்க மறந்துவிட்டார்.

லேத் பிரிவில் ஒரு ஆள் மட்டும் தூணோரம் சாய்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏங்க, அந்தக் குதிரை காஞ்சிபுரத்துல கெளம்பி எத்தினி வாரமா ஓடிகினு கீது! ஒரு வாய் தண்ணி காட்டக் கூடாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம். சரித்திரக் கதையில் நாடு போகப்போகிறது, இவருக்குக் குதிரையின் தாகம்!

உடம்பைப் பார்த்துக்கொள். மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உன் அண்ணி,
காந்திமதி


பிலாய்,
9-2-1981

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் இருமல் போனது நிம்மதி. நீங்கள் வேலைக்குப் போவதைக் கேட்டு இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிட.

உங்கள் தொடரை நானும் படிக்கிறேன். இங்கே தமிழ்ச் சங்கத்துக்குப் பத்திரிகை ஒரு வாரம் தாமதமாக வரும். ஆனாலும் எனக்கு ராஜாக்களைவிட மந்திரவாதிகள்தான் பிடிக்கும். சங்கத்து அலமாரியில் இருக்கும் மாயாஜால நாவல்களை ஒன்று விடாமல் முடித்துவிட்டேன். சின்னப் பிள்ளை படிப்பது என்று இவர் கேலி செய்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஆலைப் புகைதான் தெரிகிறது, அண்ணி. அந்தப் புகைக்குள்ளிருந்து சிறகு வைத்த மீன் ஒன்று நீந்தி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சப்பாத்தி இடுகிறேன். பொழுது நன்றாகப் போகிறது. இன்னொன்றும் உண்டு. மந்திரக் கதையில் சூனியக்காரி கூடத் தன் நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். மனிதர்கள்தான் மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதில்லை.

அது சரி, குதிரைக்குத் தண்ணீர் கேட்ட அந்த ஆள் யார்? பெயர் என்ன?

அப்பாவுக்கு என் நமஸ்காரம். வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சரோஜா


பிள்ளைப்பாக்கம்,
3-3-1981

அன்புள்ள சரோஜாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். சிவப்புப் பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. சீம்பால் காய்ச்சியபோது உன்னை நினைத்துக்கொண்டோம்.

நீ மந்திரக் கதைகளைப் பற்றி எழுதியதை மாமாவுக்குப் படித்துக்காட்டினேன். "சிறகு வச்ச மீனா? அத்த எப்டிடி வலை போட்டுப் புடிக்கிறது?" என்று உண்மையாகவே யோசித்தார்.

அந்த லேத் ஆள் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்து, "இத்தப் படிச்சிட்டு அப்பறம் உங்க தளபதியப் பத்திப் பேசுங்க" என்று கொடுத்தார். செய்தித்தாளில் அட்டை போட்டு, அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார். முதல் கதையில் ஒரு தாய், பிள்ளை வருவான் என்று பஸ் நிறுத்தத்தில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வருகிறது. அவள் எழுந்திருக்கிறாள். கதை முடிந்துவிட்டது! பிள்ளை வந்தானா இல்லையா? பக்கத்தைத் திருப்பினால் வேறு கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

மறுநாள் நேரே லேத் பக்கம் போய்ச் சண்டை போட்டேன். "மீதியை யார் எழுதுவது?" என்றேன். "முடிஞ்சிதாங்க கீது. அவ எழுந்தா பாருங்க, அங்க முடிஞ்சிபோச்சி" என்றார். இது என்ன பதில்?

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வந்துருப்பான். ஜன்னலாண்ட அவன் தலை தெரியாம அவ ஏன் எழுந்திருக்கப் போறா?" என்றார். அதைப் போய்ச் சொன்னதும் அந்த ஆள் மிஷினையே நிறுத்திவிட்டார். பிறகு, "உங்க மாமாவ நான் ஒரு தபா பாக்கணும்" என்றார்.

மீதிக் கதைகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். சண்டை போடுவதற்காகத்தான்.

அண்ணி,
காந்திமதி


பிலாய்,
6-4-1981

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நல்ல சேதி. எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. டாக்டரம்மாவும் உறுதி செய்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு அப்புறம்! அப்பாவிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். காலையில் தலைசுற்றல், மற்றபடி நலம்.

படுத்தபடி தொடரைப் படிக்கிறேன். கணவனைப் போரில் பறிகொடுத்த இளவரசி அமுதவல்லியிடம் தளபதிக்கு ஒரு இது இருக்கிறது போலிருக்கிறதே? எங்கள் சங்கத்துப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. நான் முதல் கட்சிக்குத் தலைவி. நீங்கள் எந்தக் கட்சி?

நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பெயர் இல்லாத ஆள் என் மந்திரக் கதைகளில்தான் வருவான். ஒரகடத்தில் எல்லோருக்கும் பெயர் இருக்கும்.

அன்புடன்,
சரோஜா


பிள்ளைப்பாக்கம்,
2-5-1981

என் கண்ணு சரோஜாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். நெல் தூற்றிக்கொண்டிருந்த மாமா முறத்தைக் கீழே போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் தெரு முழுக்கச் சர்க்கரைதான். கனமான வாளி தூக்காதே. பப்பாளி வேண்டாம். முருங்கைக்கீரை கிடைக்குமா? கிடைக்காவிட்டால் காயவைத்து அனுப்புகிறேன். தலைசுற்றலுக்கு நெல்லிக்காயை உப்பில் ஊறவைத்து வாயில் போட்டுக்கொள்.

அமுதவல்லியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இரண்டாவது கட்சி. அவளுக்கு எதற்கு இன்னொரு கல்யாணம்? வயதான மாமனார் இருக்கிறார். பெற்ற மகளைவிட மேலாக வைத்திருக்கிறார். அவள் மாலையை மாற்றிக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டால் அந்த மனிதருக்குச் சுடுசோறு யார் போடுவார்கள்? எழுதுகிற ஆசிரியருக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை. இரண்டு பேரை நிலவில் நிறுத்தினால் போதும்.

கம்பெனியில் குதிரைச் சண்டை ஓயவில்லை. கடைசியில் என் லைனில் இருக்கிற அந்தோணிமேரி, "ரெண்டு பேரும் பத்திரிகைக்கே எழுதிக் கேளுங்கப்பா, எங்க காது வலிக்குது" என்றாள். ஒரே கார்டில் குதிரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர் இரண்டு வரி எழுதினார். போர்க்காலத்தில் அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று நான் இரண்டு வரி எழுதினேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில் போட்டாயிற்று.

அவர் குன்றத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார். அண்ணன் வீட்டில் ஒரு அறை. சம்சாரம் தலைப்பிரசவத்தில் போய்விட்டாராம், குழந்தையும் தங்கவில்லை. இந்த நேரத்தில் உனக்கு எழுதக்கூடாத சேதி, பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

மாமா ஆசீர்வாதம்.

அண்ணி,
காந்திமதி


பிலாய்,
19-6-1981

அண்ணி! அண்ணி! அண்ணி!

நான் நலம், குழந்தை நலம், இவர் நலம், எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சங்கத்தில் பத்திரிகை வந்தது. வாசகர் பகுதியைப் புரட்டினேன். "மாறவேளின் குதிரைக்குத் தண்ணீர் எப்போது?" என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆளுக்கு இரண்டு வரியாக எழுதிய சண்டையை அப்படியே போட்டு, கீழே என்ன அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா?

"காந்திமதி–கோதண்டம், ஒரகடம்."

நடுவில் ஒரு சின்னக் கோடு. கல்யாணப் பத்திரிகை மாதிரி!

அண்ணி, அவர் பெயர் கோதண்டமா? மாதக்கணக்காக நான் கேட்டும் சொல்லாததை அச்சகத்துக்காரன் சொல்லிவிட்டானே! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இவர் பயந்துபோய் ரிக்‌ஷா கூப்பிட ஓடினார்.

இந்த வாரத் தொடரில் தளபதி பாலாற்றங்கரையில் இறங்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினானாமே? சென்னையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். உங்கள் கார்டுக்கு அவ்வளவு சக்தி!

உடனே பதில் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சரோஜா


பிள்ளைப்பாக்கம்,
27-7-1981

அன்புள்ள சரோஜாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் மழை பெய்தது. கன்று நன்றாக மேய்கிறது. மாமா நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிவிட்டார்.

கம்பெனியில் ஆர்டர் அதிகம். மதியம் என் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உடனே வேலைக்குத் திரும்பிவிடுகிறேன். ஓவர்டைம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

காயவைத்த முருங்கைக்கீரை தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். உடம்பு கவனம்.

காந்திமதி


பிலாய்,
10-8-1981

அன்புள்ள அப்பாவுக்கு,

சரோஜா நமஸ்காரம். வயிற்றில் இருக்கிற உங்கள் பேரப்பிள்ளையும் நமஸ்காரம் சொல்லி உதைக்கிறது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அப்பா, இந்தக் கடிதத்தை அண்ணிதான் உங்களுக்குப் படித்துக்காட்டுவார். அண்ணி, தயவுசெய்து ஒரு வரியும் தாண்டாமல் படியுங்கள். அப்பா, குரல் எங்கேயாவது இறங்கினால் விடாதீர்கள். திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் அண்ணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மழை இருந்தது, கன்று இருந்தது, கீரை இருந்தது. கதை இல்லை. ஒரு புத்தகத்தின் பெயர் இல்லை, ஒரு சண்டை இல்லை. அண்ணி எனக்கு எழுதிய கடிதத்தில் கதை இல்லாமல் இருந்தது இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அண்ணன் இறந்த வருஷம். ஊரில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அப்பா. பத்திரிகையில் இரண்டு பெயர் சேர்ந்து வந்ததற்காக.

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரோடு சண்டை போட்ட ஐந்து மாதமும் அண்ணியின் கையெழுத்தே மாறியிருந்தது. எழுத்தெல்லாம் ஓடியது. அண்ணி வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். காரணம் நீங்கள். நீங்கள் தனியாகிவிடுவீர்கள் என்ற கவலை.

"மருமவ இல்ல, பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்வீர்களே. உண்மையில் உங்கள் பெண்ணாக இருந்தால், முப்பது வயதில் அவள் இப்படி இருக்கையில், நீங்கள் இந்நேரம் என்ன செய்திருப்பீர்கள்? எனக்காக என்றால் செய்திருப்பீர்கள் அல்லவா?

இதற்கு மேல் எழுத எனக்கு வயதில்லை. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் மகள்,
சரோஜா


பிள்ளைப்பாக்கம்,
24-8-1981

அன்புள்ள சரோஜாவுக்கு,

நீ நன்றாக இரு. உன்னை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதம் வந்தபோது மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். முட்டிவலி வரையில் நன்றாகப் படித்தேன். அடுத்த பாராவைப் பார்த்ததும் கடிதத்தை மடித்தேன். "அவ்ளோதான் மாமா. எல்லாரும் சுகமாம்."

"பின்னாடி எழுத்து தெரியுதே? எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கண்ணு தெரியும்."

வேறு வழியில்லாமல் படித்தேன். "உங்கள் பெண்ணாக இருந்தால்" என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்தேன்.

"பொங்கினா பொங்கட்டும். குந்து. தளபதி செவுரு ஏறிக் குதிக்கறப்பல்லாம் தெருவுக்கே கேக்கற மாதிரி படிப்ப. இதுக்கு இன்னா கொரல் வரல?"

கடைசி வரை படித்தேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பத்திரிகைய சலூன்ல தசரதன் எனக்குப் படிச்சிக் காட்னான், ரெண்டு மாசம் முன்னாடியே. நம்ம வூட்டுப் பேரு அச்சுல வந்துகீதேன்னு நான் சந்தோசப்பட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். கொழாயாண்ட எவளோ ரெண்டு பேரையும் சேத்து வச்சி உன்னக் கூப்ட்டாளாமே. எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னாம்மா?"

நான் கடிதத்தை நாலாக மடித்தேன்.

"பஸ் ஸ்டாண்டு கதை அவ எழுந்ததோட முடிஞ்சிபோச்சின்னு சொன்ன ஆளுதானே அவன்?"

"ஆமா மாமா."

"குடிப்பானா?"

"இல்ல."

"உனக்கு இஷ்டமா?"

நான் பதிலுக்குக் கேட்டேன்: "நான் போய்ட்டா உங்களுக்கு யாரு மாமா?"

"போறேன்னு யாரு சொன்னது? கம்பெனி இங்க கீது. வூடு இங்க கீது. தெனம் ரெண்டு பஸ் மாறி வர்ற ஆளு ஒரேயடியா இங்க வந்துடக் கூடாதா? அவுங்க அண்ணன் வூட்ல ஒரு ரூம்தானே? நம்ம வூட்ல மூணு கீது."

நான் பாலை இறக்கப் போனேன். பாதிக்கு மேல் பொங்கி அடுப்பே அணைந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மலைக்கோயிலுக்குப் போகிறேன் என்று குன்றத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, "கோயில் வரைக்கும் படி ஏறி முட்டி போச்சி" என்று மட்டும் சொன்னார். ஆனால் மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். செய்தித்தாளில் அட்டை போட்டது.

நாளை மதியம் நான் மறுபடியும் படிக்கப்போகிறேன். இரண்டு மாதக் கதை பாக்கி இருக்கிறது. அந்தோணிமேரி இப்போதே இடம் பிடித்துவைப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

அண்ணி,
காந்திமதி


பிள்ளைப்பாக்கம்,
2-10-1981

அன்புள்ள சரோஜா அவர்களுக்கு,

இதை எழுதுவது கோதண்டம். மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் சரக்கு எதையும் நடுவில் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு. இனி வருவது அவர் வார்த்தைகள்.

சரோ, நல்லா கீறியா? எட்டாம் மாசத்துல ரயில் ஏற வேணாம்னு டாக்டரம்மா சொன்னது சரிதான். அதுக்கோசரம் அழாத. நடந்தத நான் சொல்றேன், கேட்டுக்கோ.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துல குன்றத்தூர் மலைமேல தாலி கட்னாங்க. கம்பெனி லேடீஸ் ஒரு லாரி நெறையா வந்துட்டாங்க. சூப்பர்வைசர் ஷிப்டையே மாத்திக் குட்த்தாரு. அந்தோணிமேரி மாலை தொடுத்துக் கொணாந்தா. கொழாயாண்ட பேசுனவளும் வந்தா. மொத பந்தியிலயே குந்திகினு ரெண்டு தபா பாயசம் கேட்டு வாங்கிக் குட்ச்சா. நான்தான் ஊத்தினேன்.

அய்யரு பொண்ணோட அப்பா பேரு கேட்டாரு. காந்திமதியோட அண்ணன் வாலாஜாபாத்துலருந்து வந்து ஓரமாத்தான் நின்னுகினு இருந்தான். அவன் வாயத் தெறக்கறதுக்குள்ள நான் என் பேரச் சொல்லிட்டேன், கன்னியப்பன்னு. தாரை வாத்ததும் நான்தான். உனக்கு வாத்த மாதிரியே வாத்தேன்.

மாப்ள நல்ல ஆளு. ஆனா தொடர் படிக்கச் சொன்னா ரேஷன் கடையில பேரு கூப்டற மாதிரி படிக்கறாரு. (இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. – கோதண்டம்) அதனால அத அவ படிக்கறா. சின்னக் கதையெல்லாம் இவரு படிக்கறாரு. சிறகு வச்ச மீனு கதைய நீ அனுப்பு, அதையும் கேட்டுப் பாக்கறேன்.

முக்கியமா ஒண்ணு. அண்ணன் சம்சாரம்னாத்தான் அண்ணி. தாண்டவராயன் என் புள்ள, அவன் போய்ட்டான். அவன நெனைக்காத நாளு இல்ல, அவளும் நெனைக்கறா. ஆனா நான் மலைமேல அத்தினி பேர் முன்னாடி அவள என் பொண்ணுன்னு சொல்லிட்டேன். உன்னவிட மூத்தவ. இனிமே அண்ணின்னு எழுதாத.

உன் அப்பா,
கன்னியப்பன்

மாமா சொல்லி முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார். காந்திமதி மாட்டுக்கு வைக்கோல் போடுகிறாள்; இதை இன்னும் பார்க்கவில்லை. ஒட்டுவதற்கு முன் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன். அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும்.


பிலாய்,
4-11-1981

அன்புள்ள அக்காவுக்கு,

போன திங்கட்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். படுத்தபடி எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அப்பா மூக்கு, இவர் நெற்றி. அழுகை மட்டும் யாருடையது என்று தெரியவில்லை, வார்டே எழுந்துவிடுகிறது.

போன வருஷம் பிறந்திருந்தால் இவளுக்கு நீங்கள் அத்தை. இப்போது பெரியம்மா. காதில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், "பெரியம்மா" என்று. அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

கம்பெனியில் லீவு கேளுங்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்து சேருங்கள். இவளுக்கு முதல் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ராஜா கதையா, சின்னக் கதையா, மந்திரக் கதையா என்று நீங்களும் அத்தானும் ரயிலிலேயே சண்டை போட்டு முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து சத்தம் போட்டால் குழந்தை எழுந்துவிடும்.

உங்கள் தங்கை,
சரோஜா